கழிவு ஒரு கிலோ

பிற்பகல் இரண்டு மணி, மூன்றாம் அலகு.
வெளியே தருமபுரி வெயில்
கல் உடைத்துக்கொண்டிருந்தது.
புரொஜெக்டருக்கு மஞ்சள் காமாலை;
என் வரைபடத்தில் நீலமும் பச்சையும்
ஒரே நிறம்.

"தொழிலில் மின்னணு உருமாற்றம்"
என்று தலைப்பைப் படித்தேன்.
கடைசி வரிசையில் கிளம்பிய ஒரு கொட்டாவி
இருக்கை இருக்கையாய் நடந்து
முன்வரிசைக்கு வந்து சேர்ந்தது.

கம்பளிப்பூச்சி, பட்டாம்பூச்சி கதையை
இந்த வருடம் விட்டுவிட்டேன்.
ஏதாவது ஒரு தொழில் சொல்லுங்கள் என்றேன்,
வாசனை வரை உங்களுக்குத் தெரிந்ததாக.
பாலக்கோடு தக்காளி மண்டி
என்றாள் சௌடேஸ்வரி.
விடிகாலை மூன்று முதல் ஏழு வரை
அங்கே எடை பதிகிறாள்.
எட்டு பத்து பஸ்ஸில் தூங்கி
என் வகுப்பில் விழிக்கிறாள், சில நாட்களில்.

பலகையில் இரண்டு கட்டம் போட்டேன்.
முன்பு: தராசு, பென்சில், துண்டுச்சீட்டு.
பின்பு: மின்தராசு, மென்பொருள், குறுஞ்செய்தி.
நடுவே ஓர் அம்பு.
அம்பு வரைவதற்குத்தான்
மணிக்கணக்கில் சம்பளம் எனக்கு.

"நடுவுல ஒண்ணு விட்டுட்டீங்க மேடம்.
கழிவு.
நோட்டு இருந்தப்ப பெட்டிக்கு ஒரு கிலோன்னு எழுதுவாங்க.
மாரண்டஅள்ளிக்காரர் ஒருத்தர்
துண்டை உதறிட்டு வந்து கத்துவார்.
அரைக் கிலோ ஆயிடும்.
இப்ப அது சாம்பல் கலர்ல ஒரு கட்டம்.
ஒண்ணுன்னு தானா வந்து நிக்குது.
நான் தட்டினாலும் மாறாது, பாஸ்வேர்டு கேக்குது.
அவர் இப்பவும் கத்தறார்.
நான் ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பி வெக்கறேன்."

போன வாரம்தான் சொல்லி எழுத வைத்திருந்தேன்:
நன்மைகள். ஒன்று,
மனிதத் தலையீடு குறையும்.
முப்பத்தெட்டு நோட்டுகளில் இருக்கிறது அந்த வரி,
சிலவற்றில் அடிக்கோடு போட்டு.
தலையீட்டுக்கு ஒரு துண்டு இருக்கும்,
மாரண்டஅள்ளியில் அரை ஏக்கர் இருக்கும் என்று
எனக்குத் தோன்றியதே இல்லை.

முனிவேல் எழுந்துவிட்டான்.
"அதெல்லாம் சரி. எங்கப்பாவுக்குக் காசு
அன்னிக்கே அக்கவுண்டுல விழுது.
முன்னாடி மூணு வாரம் நடப்பார்,
நாளைக்கு வா, நாளைக்கு வான்னு.
செருப்புக் காசாவது மிச்சமில்ல?"

"மிச்சம்தான். யாரு இல்லைன்னா?
அந்தக் கட்டத்தை யார் பூட்டினாங்கன்னுதான் கேக்கறேன்."

அதற்குமேல் வகுப்பு என்னுடையதாக இல்லை.
ஊத்தங்கரைப் பையன் மாங்கூழ் ஆலைக்குப் போனான்,
ஒருத்தி வாடகைக் காருக்குப் போனாள்,
பூட்டிய கட்டங்கள் ஊரெங்கும் கிடைத்தன.
மணி அடித்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.
கொட்டாவி வந்த வழியே
போயிருக்க வேண்டும்.

என்னுடையதை நான் சொல்லவில்லை.
வாசலில் ஒரு கருவி
தினமும் ஒன்பது இரண்டுக்கு
என் முகத்தை அடையாளம் கண்டு நன்றி சொல்கிறது.
ஆகஸ்ட் மாதத்துச் சம்பளக் கோப்பு
யாரோ ஒருவர் மேசையில்
பச்சை மைக்காகக் காத்திருக்கிறது.
துண்டை உதறிக்கொண்டு போய்க் கத்த
எனக்கு எந்த மேசை என்று தெரியாது.

பருவத் தேர்வுக்கு
இப்படி ஒரு கேள்வி அனுப்பினேன்:
"கழிவுக் கட்டத்தைத் திறக்கும் உரிமை
யாருக்கு இருக்க வேண்டும்? காரணம் தருக.
பத்து மதிப்பெண்."
திரும்பி வந்தது:
பாடத்திட்டத்தில் இல்லை;
இருப்பின், விடைக்குறிப்பு இணைக்கவும்.

விடைக்குறிப்புக்காக அவளைத் தேடினேன்.
வரவில்லை.
மழைக்கு முன்னால் வரத்து அதிகமாம்,
மண்டியில் இரண்டு நாளாக இரட்டை வேலை.
அன்று பெட்டி நூற்றிநாற்பது என்றான் முனிவேல்.

கழிவு போக.